கைப்பேசி இல்லாமல் நடக்கும் கைப்பேசிச் செயலி ஹேக்கத்தான்

மாணவர்களுக்கான கைப்பேசிச் செயலி ஹேக்கத்தான்களில், அதாவது ஓரிரு நாள் இரவு பகலாக உட்கார்ந்து ஒரு செயலியைச் செய்து காட்டும் போட்டிகளில், வழிகாட்டியாகவும் சில நேரங்களில் நடுவராகவும் உட்காரும் வாய்ப்பு எனக்கு அவ்வப்போது கிடைக்கிறது. செயலி எழுதுவதே தொழிலாக இருப்பவன் விடுமுறை நாளிலும் போய் அதையே பார்த்துக்கொண்டிருப்பானா என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஆனாலும் அழைத்தால் நான் மறுப்பதில்லை. தூக்கம் விழித்துக் கண்கள் சிவந்திருக்கும் மாணவர்கள் தாங்கள் எழுதிய ஒரு சிறிய திரையைக் காட்டும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பெருமிதம், அலுவலகக் கூட்ட அறைகளில் காணக் கிடைக்காத ஒன்று. இருந்தும் இந்தப் போட்டிகளில் ஒரு முரண் எனக்குத் தொடர்ந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. அரங்கில் மடிக்கணினி இருக்கும், ப்ரொஜெக்டர் இருக்கும், ஸ்லைடுகள் இருக்கும், கைப்பேசிச் செயலியும் இருக்கும். கைப்பேசி மட்டும் பெரும்பாலும் யாருடைய கையிலும் இருக்காது. செயலி எமுலேட்டரில், அதாவது கைப்பேசியைப் போல நடிக்கும் மென்பொருளில் ஓடும், எமுலேட்டர் மடிக்கணினியில் ஓடும், நடுவர்கள் அதைச் சுவரில் பார்ப்பார்கள்.

இந்த வகைப் போட்டி தொடங்கிய வரலாற்றைப் பார்த்தால் இந்த முரண் இன்னும் விந்தையாகத் தெரிகிறது. ஹேக்கத்தான் என்ற பெயர் 1999 ஜூன் மாதத்தில், சில நாள் இடைவெளியில், இரண்டு இடங்களில் புழக்கத்துக்கு வந்தது. முதலாவது, கனடாவின் கால்கரி நகரில் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் உருவாக்குநர்கள் பத்துப் பேர் கூடி வேலை செய்த நிகழ்வு. குறியாக்க மென்பொருள் ஏற்றுமதிக்கு அமெரிக்கா விதித்திருந்த கட்டுப்பாடுகளில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க அவர்கள் எல்லைக்கு வெளியே கூடினார்கள். இரண்டாவது, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜாவாஒன் மாநாடு. அங்கே சன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் கேஜ், வந்திருந்தவர்களுக்கு ஒரு சவால் விட்டார்: அப்போது புதிதாக வந்திருந்த பாம் 5 என்னும் கையடக்கக் கருவிக்கு ஜாவாவில் ஒரு நிரல் எழுத வேண்டும், அந்த நிரல் கருவியின் அகச்சிவப்புக் கதிர் வழியாக மற்றவர்களின் பாம் கருவிகளோடு பேச வேண்டும். அதாவது, ஐஃபோனும் ஆண்ட்ராய்டும் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஹேக்கத்தான் என்ற பெயரில் கொடுக்கப்பட்ட தொடக்ககாலச் சவால்களில் ஒன்று கையில் பிடிக்கும் கருவிக்கானது. கருவியில்லாமல் அந்தப் போட்டியில் பங்கேற்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவரின் கருவியை நோக்கி உங்கள் கருவியை நீட்டினால்தான் உங்கள் நிரலுக்கு உயிர் வரும்.

மாணவர் ஹேக்கத்தான் என்ற வடிவம் பிற்பாடு வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் 2009-இல் தொடங்கிய பென்ஆப்ஸ் அதற்கு ஒரு முன்னோடி. அதன்பின் பல்கலைக்கழகம் தோறும் இவை பெருகின. 24 மணி நேரம் அல்லது 36 மணி நேரம், நான்கு பேர் கொண்ட அணி, கடைசியில் சில நிமிடச் செயல்விளக்கம் என்ற வடிவம் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் நிலைபெற்றுவிட்டது. 2008-இல் ஆப்பிளின் ஆப் ஸ்டோரும் ஆண்ட்ராய்டு மார்க்கெட்டும் திறந்த பிறகு, போட்டிகளின் தலைப்பில் செயலி என்ற சொல் இயல்பாகவே ஏறிக்கொண்டது.

முதல் சில மணி நேரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அணி சேர்ப்பது, கருப்பொருளைப் பற்றி வாதிடுவது, பெயரும் இலச்சினையும் தேர்ந்தெடுப்பதில் தேவைக்கு மேல் நேரம் போக்குவது எல்லாம் எங்கும் நடப்பவை. ஒன்றை மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறேன். ஆண்ட்ராய்டு செயலி எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் ஐஃபோன் செயலி எழுத உதவும் எக்ஸ்கோடையும் வீட்டிலேயே நிறுவி, ஒரு வெற்றுச் செயலியையாவது ஒருமுறை முழுதாகத் தொகுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் தடவை தொகுக்கும்போது, நிரலை ஓடும் செயலியாகத் தொகுத்துத் தரும் கிரேடில் என்னும் கருவி தனக்குத் தேவையான நூலகங்களையெல்லாம் இணையத்திலிருந்து இறக்கும். அரங்கில் இருக்கும் எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் அதைச் செய்தால் எப்படிப்பட்ட வைஃபையும் திணறிப்போகும். செயலியை எதில் எழுதுவது, காட்லினா, ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா என்ற வாக்குவாதத்துக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: அணியில் யாருடைய கை எதில் ஏற்கெனவே ஓடுகிறதோ அதுவே சிறந்தது. நிரலில் செய்த மாற்றம் சில நொடிகளில் திரையில் தெரிந்துவிடுவதால் ஃப்ளட்டருக்கும் ரியாக்ட் நேட்டிவுக்கும் இரவுநேரத்தில் ஒரு தனி வசதி உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதிய மொழியைக் கற்றுக்கொள்ள ஹேக்கத்தான் இரவைத் தேர்ந்தெடுத்த அணிகள், விடியும்போது மொழியைக் கற்றிருக்கும், செயலி இருக்காது. அதுவும் ஒரு லாபம்தான், பரிசை எதிர்பார்க்காதவரை.

இனி எமுலேட்டருக்கு வருகிறேன். எமுலேட்டர் இல்லாமல் செயலி எழுத முடியாது. நானே நாள் முழுவதும் அதில்தான் வேலை செய்கிறேன். ஆனால் அது ஒரு செல்லப்பிள்ளை வளர்ந்த வீடு. அங்கே மின்கலம் தீராது, அழைப்பு வராது, இணைப்பு அறுபடாது, நினைவகம் போதாமல் பின்னணியில் இருக்கும் செயலியை இயங்குதளம் கொல்வதும் அரிது. இருப்பிடத்தைக் கேட்டால், நீங்கள் வேறெதுவும் அமைக்காதவரை, ஆண்ட்ராய்டு எமுலேட்டர் தான் கலிஃபோர்னியாவில் கூகுள் தலைமையகத்தில் நிற்பதாகவே சொல்லும். அருகில் உள்ளவற்றைக் காட்டும் செயலி ஒன்றைச் செய்த அணி, எமுலேட்டரில் அது உடனுக்குடன் இடத்தைக் கண்டுபிடிப்பதைப் பார்த்து மகிழ்ந்து, கான்கிரீட் கூரையின் கீழ் உள்ள அரங்கில் உண்மையான கைப்பேசியில் ஓட்டியபோது, செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைக்காமல் வெறும் வெற்றுமதிப்பு திரும்பி வந்து செயலி அப்படியே விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். இடம் தெரியாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியே அந்த நிரலில் எங்கும் கேட்கப்பட்டிருக்கவில்லை.

இதைவிடப் பரவலாக மாணவர்களைக் கவிழ்க்கும் இடம் ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் செயல்விளக்கத்துக்குச் சற்று முன்னர் அணிகள் என்னிடம் ஓடி வருவதற்கான காரணங்களில் பெரும்பங்கு இதற்குத்தான். அணியில் ஒருவர் மடிக்கணினியில் ஒரு சிறு சர்வர் எழுதியிருப்பார். மற்றொருவர் அந்தச் சர்வரோடு பேசும் செயலியை எழுதியிருப்பார். ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் 10.0.2.2 என்ற முகவரி, அதை ஓட்டிக்கொண்டிருக்கும் மடிக்கணினியைக் குறிக்கும். எனவே செயலியில் அந்த முகவரியை எழுதி வைத்திருப்பார்கள், இரவு முழுவதும் எல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கும். காலையில் யாரோ ஒருவருக்கு உண்மையான கைப்பேசியில் போட்டுக் காட்டலாம் என்று தோன்றும். அப்போது அந்த முகவரிக்கு எந்தப் பொருளும் இல்லாமல் போய்விடும். சரி என்று மடிக்கணினியின் வைஃபை முகவரியை எடுத்து எழுதுவார்கள். அப்போதும் இணையாது, ஏனென்றால் 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், குறியாக்கம் செய்யப்படாத ஹெச்டிடிபி இணைப்பை இயங்குதளம் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. அதற்கு விதிவிலக்கை எழுதிய பிறகும் இணையாமல் போகலாம். பொது அரங்குகளின் வைஃபைகளில், ஒரே வலையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பாதுகாப்புக்காகத் தடுத்து வைத்திருப்பார்கள்; கைப்பேசியும் மடிக்கணினியும் ஒரே மேசையில் ஒரே வைஃபையில் இருந்தும் அவற்றுக்கிடையே பேச்சே நடக்காது. இப்படி ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று கதவுகள். ஒன்றைத் திறந்தவுடன் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கும் மாணவர், இரண்டாவது கதவில் முட்டிக்கொண்டு, முதல் தீர்வே தவறு என்று முடிவு கட்டி அதையும் திரும்ப மாற்றிவிடுவார்.

யூஎஸ்பி கம்பி ஒன்றைச் செருகி, ஏடிபி ரிவர்ஸ் என்ற கட்டளையால் கைப்பேசியின் ஒரு போர்ட்டை (வலைத்தொடர்புக்கான எண்ணிட்ட வாயில்) மடிக்கணினியின் போர்ட்டோடு இணைத்துவிட்டால் வைஃபையின் தயவே வேண்டாம். அந்தக் கம்பி வழியாகவே எஸ்சிஆர்சிபிஒய் என்னும் இலவசக் கருவியைக் கொண்டு கைப்பேசித் திரையை ப்ரொஜெக்டரிலும் காட்டிவிடலாம். சில நிமிட வேலைதான். ஆனால் இதைக் கடைசி நேரத்தில் நடுங்கும் விரல்களோடு செய்வதற்கும், முதல் நாள் மாலையிலேயே செய்து பார்த்துவிட்டு அமைதியாக வேலையைத் தொடர்வதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. நான் வழிகாட்டியாக இருக்கும் அணிகளிடம், முதல் திரையில் வெறும் வணக்கம் என்ற சொல் மட்டும் இருந்தாலும் சரி, அதை உண்மையான கைப்பேசியில், உண்மையான சர்வரோடு பேசவிட்டுக் காட்டிய பிறகே அடுத்த திரைக்குப் போகலாம் என்று சொல்கிறேன். பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்கிக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை.

நடுவராக அமரும்போது என்னிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கைப்பேசியை என் கையில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, முதலில் ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிடுவேன். பல செயலிகளில் அந்த நொடியிலிருந்து ஒரு வட்டம் சுழலத் தொடங்கும். அது சுழன்றுகொண்டே இருக்கும். இணைப்பு இல்லை என்று சொல்லும் ஒரு வரிகூட வராது. இது மாணவர்களை மடக்குவதற்கான தந்திரம் இல்லை. மாடிப்படியிலும் மின்தூக்கியிலும் ஓடும் வண்டியிலும் இணைப்பு போய் வருவதுதான் கைப்பேசியின் அன்றாட வாழ்க்கை. தரவைக் கருவியிலேயே வைத்துக்கொள்ள எஸ்கியூலைட் என்னும் சிறிய தரவுத்தளம் ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் உள்ளேயே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்து வரும் முதிர்ந்த மென்பொருள் அது. கடைசியாகக் கிடைத்த தகவலை அதில் எழுதி வைத்து, இணைப்பு இல்லாதபோது அதையே எடுத்துக் காட்டி, இது எப்போது பெறப்பட்டது என்று அடியில் ஒரு வரி போடுவது ஓரிரண்டு மணி நேர வேலை. அந்த ஒரு வரியைப் போட்ட அணிக்கு நான் தாராளமாக மதிப்பெண் கொடுத்துவிடுவேன். உள்நுழைவுத் திரைக்கும், கடவுச்சொல் மறந்துவிட்டதா என்ற இணைப்புக்கும், சுயவிவரப் படத்துக்கும் அரை இரவைச் செலவிடும் அணிகளைப் பார்க்கும்போது, அந்த நேரத்தில் ஒரு பகுதியை இதற்குக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். ஹேக்கத்தானில் உள்நுழைவுத் திரையைப் பார்த்து வியந்த நடுவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஏரோப்ளேன் மோடுக்கு அடுத்தபடியாக எழுத்தளவைக் கூட்டிப் பார்ப்பேன், திரையைக் குறுக்காகத் திருப்பிப் பார்ப்பேன். ஆண்ட்ராய்டில் திரையைத் திருப்பினால், வேறு ஏற்பாடு செய்யாதவரை, அந்தத் திரை அழிக்கப்பட்டு மறுபடி உருவாக்கப்படும்; பாதி நிரப்பிய படிவம் வெறுமையாகிவிட்டால் எங்கே கோட்டை விட்டார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

ஒரு அணியைப் பற்றி இங்கே எழுதியாக வேண்டும். பார்வையற்ற மாணவர்கள் தேர்வு எழுதும்போது அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தருவதற்கு ஓர் எழுத்தர் தேவைப்படுவார். தேர்வு நாளுக்கு முன் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அந்தத் தேடலை எளிதாக்க மூன்று மாணவிகள் ஒரு செயலி செய்துகொண்டிருந்தார்கள். எழுத்தராக வர விரும்புபவர்கள் தாங்கள் ஓய்வாக இருக்கும் நாட்களைப் பதிவு செய்வார்கள். தேவைப்படுபவர் தன் தேர்வு நாளைச் சொன்னால், அந்த நாளில் வரக்கூடியவர்களின் பட்டியல் கிடைக்கும். நல்ல யோசனை, தெளிவான தேவை, அழகான திரைகள். நாள்களைத் தேர்ந்தெடுக்க அவர்களே கையால் வரைந்த ஒரு நாட்காட்டி, ஒவ்வொரு கட்டமும் மெல்லிய நிறத்தில், தொட்டால் மலர்வதுபோல விரியும். நள்ளிரவு தாண்டி அவர்கள் மேசைக்குப் போனபோது, டாக்பேக்கைப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்பேக் என்பது ஆண்ட்ராய்டில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி. ஐஃபோனில் அதன் பெயர் வாய்ஸ்ஓவர். அதை இயக்கியவுடன் கைப்பேசியைக் கையாளும் முறையே மாறிவிடும்: ஒருமுறை தொட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று குரல் சொல்லும், இருமுறை தட்டினால்தான் அது இயங்கும், விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த உறுப்புக்குப் போகும். மூவரில் ஒருவர் அதை இயக்கி விரலைத் தள்ளத் தள்ள, பெயரில்லாத பொத்தான், பெயரில்லாத பொத்தான், பெயரில்லாத பொத்தான் என்ற பொருளில் ஆங்கிலக் குரல் ஒன்று அடுக்கிக்கொண்டே போனது. அழகுக்காகச் சொற்களை எடுத்துவிட்டு வெறும் சின்னங்களை வைத்திருந்தார்கள். அந்தச் சின்னங்களுக்கு விளக்கம் எழுதப்படவில்லை. நாட்காட்டியோ இன்னும் மோசம். அது ஒரே ஓவியமாக வரையப்பட்டிருந்ததால், டாக்பேக்கின் பார்வையில் அங்கே கட்டங்களே இல்லை. குரல் அதைத் தாண்டிக் கீழே போய்விட்டது. எந்தப் பயனருக்காகச் செயலி செய்யப்பட்டதோ அவரால் அதன் மையமான வேலையைத் தொடவே முடியாது.

நான் எதிர்பார்த்தது, அவர்கள் சோர்ந்துவிடுவார்கள் அல்லது இதைப் பிறகு சேர்த்துக்கொள்வோம் என்று ஸ்லைடில் ஒரு வரி எழுதிவிடுவார்கள் என்று. அவர்கள் நாட்காட்டியை முழுதாக நீக்கிவிட்டார்கள். அதற்குப் பதிலாக, அடுத்து வரும் தேர்வு நாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சாதாரண எழுத்தில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேர்வுக்குறி வைத்தார்கள். எல்லாப் பொத்தான்களுக்கும் விளக்கம் எழுதினார்கள். பிறகு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு செயலியின் முதல் திரையிலிருந்து கடைசித் திரை வரை போக, மற்ற இருவரும் எங்கே தடுமாறுகிறார் என்று தாளில் குறித்துக்கொண்டார்கள். விடியும் வரை அதுதான் நடந்தது. செயல்விளக்கத்தின்போது அவர்கள் ப்ரொஜெக்டரை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்து, குரலை மட்டும் கேட்கவிட்டு முழுச் செயலியையும் ஓட்டிக் காட்டினார்கள். பரிசு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லை அதிகமுறை சொன்ன ஓர் அணிக்குப் போனது. நடுவர் குழுவில் நான் சிறுபான்மை. அதைப் பற்றி எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு.

கண்ணை மூடிக்கொண்டு செயலியை இயக்கிப் பார்ப்பது பார்வையற்றவரின் அனுபவத்துக்கு ஈடாகாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் டாக்பேக்கைப் பயன்படுத்துபவர் அந்தக் குரலை எவ்வளவு வேகத்தில் வைத்திருப்பார் என்பதை நேரில் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். நம் காதுக்கு அது வெறும் இரைச்சல். இப்படிப்பட்ட கருப்பொருளை அறிவிக்கும் ஏற்பாட்டாளர்கள், அந்தப் பயனர்களில் ஓரிருவரையாவது அரங்குக்கு அழைத்து வழிகாட்டிகளின் மேசையில் உட்கார வைக்கலாம். தொழில்நுட்ப வழிகாட்டிகள் பத்துப் பேர் இருக்கும் அரங்கில் பயனர் ஒருவர்கூட இல்லாமல் இருப்பது ஏன் என்று எனக்குப் புரிவதே இல்லை.

நினைவூட்டல் செயலிகளைப் பற்றியும் ஒரு சொல். எல்லா ஹேக்கத்தானிலும் மாத்திரை போடும் நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்றாவது இருக்கும். எளிய வேலை என்று நினைத்து எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் இது கைப்பேசி நிரலாக்கத்தில் வழுக்குப்பாறை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கைப்பேசி அசையாமல் கிடந்தால் மின்கலத்தைச் சேமிக்க இயங்குதளம் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும். குறித்த நொடியில் மணியடிக்க வேண்டுமானால் அதற்கென்று இருக்கும் தனி வழியில் கேட்க வேண்டும், ஆண்ட்ராய்டு 12 முதல் அதற்குத் தனி அனுமதியும் வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பைக் காட்டுவதற்கே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். செயல்விளக்கத்தில் ஒரு நிமிடத்துக்குப் பின் என்று வைத்தால் மணி ஒழுங்காக அடித்துவிடும். இரவில் மேசைமேல் கிடக்கும் கைப்பேசியில் காலை ஆறு மணிக்கு அடிக்குமா என்பதுதான் கேள்வி. அதைச் சோதிப்பதற்கு ஹேக்கத்தானைவிட நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் அங்கே ஓர் இரவு கையிருப்பில் இருக்கிறது.

அனுமதி கேட்கும் இடமும் கவனத்துக்குரியது. செயலியைத் திறந்தவுடன் கேமரா, இருப்பிடம், தொடர்புகள், ஒலிவாங்கி என்று நான்கு கேள்விகளை அடுக்கும் செயலியை நான் எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்லித்தான் தொடங்குவேன். ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரே அனுமதியைப் பயனர் இரண்டு முறை மறுத்துவிட்டால், அந்தக் கேள்வியைச் செயலியால் மறுபடி காட்டவே முடியாது. அமைப்புகளுக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும். படம் எடுக்கும் பொத்தானை அழுத்தும்போது கேமராவைக் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

இப்போதெல்லாம் நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லா அணிகளிடமும் இருக்கின்றன. இதைத் தடை செய்ய வேண்டும் என்று வாதிடும் நடுவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. ஆனால் அவை போட்டியின் தன்மையை மாற்றியிருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. முன்பெல்லாம் ஆறு திரைகள் கொண்ட செயலி என்றால் அந்த அணி தூங்கவில்லை என்று பொருள். இப்போது ஆறு திரைகள் மதிய உணவுக்கு முன்பே வந்துவிடுகின்றன, அவையெல்லாம் ஒன்றுபோலவும் இருக்கின்றன: அதே வட்டமான ஓரங்கள், அதே ஊதாச் சாயல், அதே டாஷ்போர்டு. அதனால் நான் கேட்கும் கேள்விகளும் மாறிவிட்டன. இந்தத் திரையில் எதை வேண்டாமென்று எடுத்தீர்கள், இந்தப் பட்டியல் காலியாக இருக்கும்போது என்ன தெரியும், இந்த வரியை அழித்தால் என்ன உடையும் என்று கேட்கிறேன். தன் நிரலைத் தானே படித்துப் பார்த்த மாணவர் இதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். மற்றவர்கள் மடிக்கணினியின் பக்கம் திரும்புவார்கள்.

அந்தக் கருவிகள் கேட்டபடி எழுதித் தரும் நிரலில் ஏபிஐ சாவியை, அதாவது வெளிச் சேவைகளைப் பயன்படுத்துவதற்கான ரகசியக் குறியீட்டை, நேரடியாகப் பதித்து, அதை அப்படியே கிட்ஹப் என்னும் நிரல் சேமிப்புத் தளத்தின் பொதுவெளிக் களஞ்சியத்தில் ஏற்றிவிடும் வழக்கமும் கூடியிருக்கிறது. போட்டி விதிகளில் களஞ்சியம் எல்லாரும் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும் என்று இருக்கும். ஆனால் சாவியை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட சாவிகளைத் தேடி அலையும் தானியங்கி நிரல்கள் இணையத்தில் ஓயாமல் உலவுகின்றன. நிரலிலிருந்து அழித்துவிட்டாலும் பழைய பதிவுகளில் அது இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், ஒரே வழி அந்தச் சாவியை ரத்து செய்து புதியதைப் பெறுவதுதான். தொடக்க விழாவில் விளம்பரதாரர் பேசும் நேரத்தில் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

ஹேக்கத்தானில் பிறந்து பெரிதான செயலிகளின் கதையைத் தொடக்க விழாக்களில் சொல்வார்கள். 2010-இல் டெக்கிரஞ்ச் டிஸ்ரப்ட் ஹேக்கத்தானில் உருவான குரூப்மீ என்னும் குழு உரையாடல் செயலியை, அடுத்த ஆண்டே ஸ்கைப் வாங்கியது உண்மைதான். ஆனால் மாணவர்களின் பெரும்பாலான செயலிகள் போட்டி முடிந்த மறுநாளே தூங்கப் போய்விடும், திரும்ப எழுவதில்லை. இதை ஒரு தோல்வியாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. 36 மணி நேரத்தில் எழுதியது அந்த 36 மணி நேரத்துக்கு உழைத்தால் போதும். எழுத்தர் செயலியைச் செய்த மாணவிகள் இனி எந்தத் திரையை வரைந்தாலும் பொத்தானுக்கு விளக்கம் எழுதாமல் விடமாட்டார்கள்.

நான் ஏற்பாட்டாளர்களிடம் தொடர்ந்து கேட்டு வந்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: செயல்விளக்கத்துக்கு முன்பே ஒவ்வொரு அணியும் ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவப் பயன்படும் தன் ஏபிகே கோப்பை ஒப்படைக்க வேண்டும், அதை நடுவர்கள் அணியினரின் உதவியில்லாமல் தாங்களே கைப்பேசிகளில் நிறுவிப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். ஐஃபோனுக்கு இது கொஞ்சம் சிக்கல். கட்டணம் செலுத்தாத ஆப்பிள் கணக்கில் எக்ஸ்கோடு வழியாக நிறுவும் செயலி ஏழு நாள்தான் ஓடும், அதையும் மடிக்கணினியோடு இணைத்துத்தான் நிறுவ வேண்டும். எனவே ஐஃபோன் அணிகள் தங்கள் கருவியையே மேசையில் விட்டுச் செல்லலாம் என்று வைத்துக்கொள்ளலாம். சமீபத்தில் ஒரு போட்டியில் இந்த விதியை ஏற்றுக்கொண்டார்கள். சோதனை வடிவத்தில் நன்றாக ஓடிய செயலி, வெளியீட்டு வடிவில் தொகுத்தவுடன் விழுவதை முதன்முறையாகப் பார்த்த அணிகள் அன்று மதியமே பல இருந்தன. தேவையற்ற நிரலை வெட்டிச் சுருக்கும் கருவி, தேவையானதையும் சேர்த்து வெட்டியிருந்தது. சிலர் கோபப்பட்டார்கள். மாலைக்குள் பெரும்பாலானோர் சரிசெய்துவிட்டார்கள்.

அடுத்த போட்டிக்குச் சோதனைக் கைப்பேசிகள் வாங்கலாமா என்று ஏற்பாட்டாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், நண்பர்கள் வீட்டு மேசை இழுப்பறைகளில் கிடப்பவற்றைக் கேட்டு வாங்குங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன்: திரை சிறியதாக ஒன்று, நினைவகம் குறைந்ததாக ஒன்று, பழைய ஆண்ட்ராய்டு பதிப்பில் நின்றுவிட்டதாக ஒன்று, சேமிப்பிடம் ஏறக்குறைய நிரம்பிப்போனதாக ஒன்று. கீறல் விழுந்த திரையாக இருந்தாலும் பரவாயில்லை, சார்ஜர் கம்பிகளை மட்டும் மறக்காமல் சேர்த்து வாங்குங்கள் என்றும் எழுதினேன்.